பழசு செல்லாது

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக எங்கள் பள்ளிக்கூடத்து அறிவித்தல் பலகையைக் கழற்றியபோது, ஓர் ஆளால் அதைத் தூக்க முடியவில்லை. பலகை சாதாரணப் பலகைதான். கனம் முழுவதும் அதன்மேல் இருந்த கடதாசியில். சிறுவர் பாதுகாப்பு அறிவித்தல்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை பூசிப் பூசி ஒட்டியவை. ஒட்டியவர் ஒருவர்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அப்டேட் டீச்சர். சொந்தப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், 'அதுக்கு அனுமதி வாங்கினீங்களா சேர்?' என்று வட்டகொடைப் பக்கமிருந்து அவருடைய போன் வரும்.

நான் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். அவர் படிப்பித்தது வரலாறு. வரலாறு படிப்பிக்கிற ஒருவர் வாய்க்கு வாய் 'பழசு செல்லாது' என்று சொல்லித் திரிந்ததை வைத்து ஆசிரியர் அறையில் நாங்கள் எவ்வளவோ சிரித்திருக்கிறோம். ஒல்லியான உடம்பு, இறுக்கிக் கட்டிய சேலை, அதற்குமேல் முழங்காலைத் தொடுகிற நீல ஸ்வெட்டர், கொண்டையில் செருகிய சிவப்புப் பேனை. பூ வைக்கிற இடத்தில் பேனை வைத்திருந்த பெண்மணி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பு அவர் கேட்டு வாங்கியது அல்ல. எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் ஏற்க விரும்பாத வேலை வந்தால், அன்றைக்கு வராத ஆளின் தலையில் கட்டிவிடுவோம். அன்றைக்கு அவர் பல்லுப் பிடுங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரிடம் அதிபர் வழிகாட்டிக் கொத்தைக் கொடுத்து, "சும்மா பைல்ல போட்டு வைங்க டீச்சர், யாராச்சும் கேட்டா காட்டுறதுக்கு" என்றார். வாய் திறக்க முடியாததால் அவர் மறுக்கவில்லை. வாய் திறக்க முடியாததால் பாடமும் எடுக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து அதை வாசித்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூட வரலாற்றில் ஒரு சுற்றுநிருபத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்த முதல் ஆள் அவர். வினை அங்கேதான் தொடங்கியது.

கல்வி அலுவலகமும் அந்த வழிகாட்டியைச் சும்மா விடவில்லை. திருத்தம் அனுப்புவார்கள், திருத்தத்துக்கு விளக்கம் அனுப்புவார்கள், பிறகு முன்னையது இரத்து என்று புதியது அனுப்புவார்கள். நாங்கள் கையெழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம். அவர் கொண்டையிலிருந்து பேனையை உருவுவார். அந்தப் பேனை வெளியே வந்தால் அன்றைக்கு யாருக்கோ சிரமம்.

முதலில் சிரமப்பட்டவர் அதிபர். பெரியவர் யாரும் மூடிய அறைக்குள் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்றது வழிகாட்டி. அதிபர் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற சாதி. டீச்சர் அதைக் கழற்றிவிட்டார். எங்கள் ஊர் மூடுபனிக்கு யாரும் வழி காட்டத் தேவையில்லை. நேரே உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டது. அதிபர் காது வரைக்கும் மப்ளர் சுற்றிக்கொண்டு கெஞ்சினார்.

"டீச்சர், நான் பிள்ளைகள உள்ள கூப்புடவே மாட்டேன். கதவ மட்டும் குடுங்க."

"நாளைக்கு நீங்க மாறிப் போயிருவீங்க சேர். அடுத்து வாரவரு கூப்புடுவாரு."

"அவரு வந்ததுக்கப்புறம் கழட்டலாமே."

"அப்பக் கழட்டினா அவரச் சந்தேகப்படுறமாதிரி ஆயிரும். இப்பன்னா யாரையும் இல்ல."

அதிபர் தும்மினார். குளிர்காலம் முடிகிற நேரத்தில், கதவில் கண்ணாடி இருந்தால் போதும் என்று திருத்தம் வந்தது. தொழிற்சாலைத் தச்சர், பிள்ளைகள் பார்க்கத்தானே என்று முதலாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்கு அளந்து ஓட்டை போட்டுக் கண்ணாடி வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அதிபரின் வயிறு மட்டும் தெரிந்தது. அதன்பிறகு அவர் சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்து அட்டை. வெளியாள் யார் வந்தாலும் கழுத்தில் 'விருந்தினர்' என்ற அட்டை தொங்க வேண்டும், பிள்ளைகளுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, பள்ளிக்கூடப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, நைலோன் கயிறு கோத்து, அட்டைகளை டீச்சரே செய்தார். பாண் கொண்டுவருகிறவர் போட்டார். கல்வி வலயத்திலிருந்து வந்த அதிகாரியும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். வீட்டில் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பார்சலை டீச்சரின் கணவர் ஒரு நாள் கொண்டுவந்தார். அவரையும் "யாரப் பாக்கணும்?" என்று கேட்டு, அட்டை மாட்டி, தன்னுடைய மேசை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்துதான் பார்சலை வாங்கினார். அந்த மனிதர் பழகியவர்போல வாங்கி மாட்டிக்கொண்டார். வீட்டிலும் இப்படித்தானோ என்னவோ.

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து. பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று கூத்துக்காரர்கள் ஒரு நாள் காலையில் பள்ளி மண்டபத்தில் ஆட வந்தார்கள். மன்மதனும் ரதியும் அட்டையை மாட்டிக்கொண்டு நாணத்தோடு உள்ளே போனார்கள். எமன் வாசலில் அகப்பட்டுக்கொண்டார். மற்ற நாளில் லொறியில் கொழுந்து மூட்டை ஏற்றுகிறவர். உடம்பெல்லாம் கரி, வாயில் கோரைப் பல், கையில் மொத்தமான பாசக்கயிறு.

"கயித்த இங்க வைங்க அண்ணே."

"டீச்சர், நான் எமன்."

"தெரியுது. கயித்த வைங்க."

"கயிறு இல்லாம எப்புடி டீச்சர் உசுர எடுக்குறது?"

"எங்க பள்ளிக்கூடத்துல யாரு உசுரையும் எடுக்க வேணாம். அட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க."

எமன் வெறுங்கையோடு மேடையில் உறுமிப் பார்த்தார். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தன. பொறுக்க முடியாமல் கழுத்து அட்டையைக் கழற்றி, அந்த நைலோன் கயிற்றையே சுழற்றி வீசினார். அது பக்கத்தில் நின்ற மன்மதனின் மூக்கில் பட்டது. டீச்சர் முன்வரிசையில் எழுந்து நின்று, "அட்ட கழுத்துல இருக்கணும்" என்றார். எமதர்மராசன் தலையைக் குனிந்து மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் யாராவது பெரிய ஆள்போலக் குதித்தால், 'எமனே அட்ட போட்டாரு, நீ என்னா?' என்று சொல்லித்தான் அடக்குகிறார்கள்.

ஆனால் பெரிய கூத்து அதற்குப் பிறகுதான் வந்தது. பள்ளி நேரத்தில் பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர் உரியவர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும் என்றது அடுத்த திருத்தம். டவுன் பள்ளிக்கூடத்தில் இது லேசான வேலை. தோட்டத்தில் யார் உறவில்லை? வாசலுக்கு வருகிற ஒவ்வோர் ஆளும் மாமாதான், சித்தப்பாதான். பொய்யும் இல்லை, பிள்ளைகள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். டீச்சர் யோசித்து ஒரு வழி கண்டார். ஒவ்வொரு தாயும் பிள்ளைக்கு ஓர் இரகசியச் சொல் வைக்க வேண்டும். தாய், பிள்ளை, டீச்சர் மூவருக்கு மட்டும் அது தெரியும். தாய் யாரை அனுப்பினாலும் அந்த ஆள் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் பிள்ளை வெளியே போகும். எங்கேயும் எழுதி வைக்கவும் கூடாது. அத்தனை சொல்லையும் டீச்சர் மனப்பாடம் செய்தார்.

அவர் மறந்தது லயத்தை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளை. தானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், எப்படித்தான் மறந்தாரோ தெரியவில்லை. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அன்று சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய தாய்மார் பிள்ளைகளை இழுத்து வைத்து, காதோடு காதாகச் சொல்லைச் சொன்னார்கள். ஒரு தாய் ரொம்ப மெதுவாகத்தான் 'கருவாடு' என்றாளாம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"அக்கா, கருவாடு நாங்க வச்சிட்டோம். நீங்க வேற வைங்க."

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பெண்கள் ஒருவரையொருவர் பிள்ளைகளின் சொல்லைச் சொல்லியே கூப்பிட்டார்கள். "ஏய் மண்ணெண்ணெய், இன்னைக்கு எந்த மல?" என்று ஒருத்தி கேட்க, "கீழ் மலைடி பலாக்கொட்ட" என்று இன்னொருத்தி சொல்ல, கணக்கப்பிள்ளை தன்னைத்தான் திட்டுகிறார்களோ என்று முழித்தாராம்.

டீச்சர் சளைக்கவில்லை. வீட்டில் சொல்லாமல் வெளியே சொல்லுங்கள் என்று திருத்தம் ஒட்டினார். பீலிக்கரையில் சொன்னார்கள்; குளிக்க வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. தேயிலைக்குள் போய்ச் சொல்லுங்கள் என்று இன்னொரு திருத்தம். அடுத்த நிரையில் யாராவது குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலகை தடித்துக்கொண்டே போனது. ஒரு நாள் நான் சொல்லியே விட்டேன்.

"விட்டுருங்களேன் டீச்சர். ஊருக்கே தெரிஞ்சதுக்குப் பேரு இரகசியமா?"

"பழசு செல்லாது சேர். செல்லலன்னா புதுசு வைக்கணும். விட்டுருங்கன்னு வழிகாட்டில எங்கயும் இல்ல."

அவருக்கு ஒரு நட்டு கழன்றிருக்கிறது என்று அதிபர் உட்பட நாங்கள் எல்லாருமே பேசிக்கொண்டோம்.

அப்போது எட்டாம் ஆண்டில் ஒரு பிள்ளை இருந்தாள். கணக்கில் சூரி. நான் கரும்பலகையில் பிழை விட்டால் எழுந்து சொல்ல மாட்டாள்; எல்லார் முன்னாலும் எனக்கு வெட்கமாகிவிடும் என்று மெதுவாக இருமிக் காட்டுவாள். நான் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்து அவளை வளர்த்தாள். கொழும்பில் வீட்டு வேலைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிற ஒருவன், தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு, அந்த அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். நல்ல வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் பேசினானாம். முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இதுவும் சுவருக்கு மேலால் வந்து பள்ளிக்கூடம் வரைக்கும் தெரிந்த கதைதான். ஆளை மட்டும் நாங்கள் யாரும் கண்டதில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு காலை, இடைவேளை முடிந்த நேரம், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி வந்தார். யாரும் சொல்லாமலே அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்களில் கேட்காமல் அட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். அதிபருக்கு அதிலேயே மனம் குளிர்ந்துவிட்டது.

"நான் புள்ளைக்கு மாமாங்க," என்று அவளுடைய பெயரைச் சொன்னார். "அம்மா மலையில வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சிருச்சி. லிந்துல ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. புள்ளையக் கூட்டியாரச் சொன்னாங்க." பிறகு டீச்சர் பக்கம் குனிந்து, மரியாதையாக, "வத்தாளக் கெழங்கு" என்றார்.

சொல் சரி. டீச்சரின் முகத்திலேயே அது தெரிந்தது.

"சரின்னா விடுங்க டீச்சர். பாவம், தாய் அங்க தவிப்பாங்க," என்றார் அதிபர். நானும் பிள்ளையின் புத்தகப் பையை எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டேன்.

டீச்சர் அசையாமல் நின்றார். கணவருக்கும் விலக்குக் கொடுக்காதவர், எமனிடமே கயிற்றை வாங்கி வைத்தவர். சொல் சரியாக இருந்தால் பிள்ளை போகலாம் என்று சிவப்பு எழுத்தில் தன் கையாலேயே எழுதி ஒட்டியவரும் அவர்தான். அவருடைய விதிப்படி இனிமேல் அந்தப் பிள்ளையை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. இந்த ஆள் மரியாதை கொஞ்சம் கூடுதலாகத்தான் வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

டீச்சரின் கை கொண்டைக்குப் போனது.

"மன்னிச்சிக்கங்க. அது பழசு," என்றார். "மாத்தியாச்சு."

"எப்பங்க மாத்தினீங்க?"

"இப்பத்தான்."

சொல்லிக்கொண்டே பலகைக்குப் போய், கடைசியாக ஒட்டியிருந்த தாளின் அடியில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க எழுதினார்: 'பிள்ளையையும் கேட்க வேண்டும்.' கீழே கையெழுத்துப் போட்டு, பேனையை அதிபரிடம் நீட்டினார். அதிபர் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அவருடைய அந்தப் பழக்கத்துக்கு அன்றைக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பிள்ளை வந்தாள். டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"இவரு ஒன்னயக் கூட்டிப்போக வந்திருக்காரு. அம்மாவுக்குக் கால் ஒடஞ்சிருச்சாம். சொல்லும் சரியாச் சொல்லிட்டாரு. நீ போறியாம்மா?"

அவள் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மெதுவாக இருமினாள்.

என் பிழையைக் காட்டுகிற அதே இருமல். நான் இரண்டடி வைத்துப் போய் வாசலை மறித்து நின்றுகொண்டேன். எனக்கு அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

"எனக்குப் போக வேணாம் டீச்சர்," என்றாள். "அம்மாவுக்கு ஒன்னும் ஆகியிருக்காது. ஆகியிருந்தா எங்க லயமே அழுதுக்கிட்டு இங்க ஓடியாந்திருக்கும். எங்க வீட்டுல சுடுதண்ணி கொட்டினாலே கடைசி வீட்டு அக்காவுக்குத் தெரியும்."

டீச்சர் நிமிர்ந்து, "புள்ள வேணாங்குது. போய்ட்டு வாங்க," என்றார். நல்லபடி வந்த விருந்தாளியை அனுப்புகிற அதே குரலில்தான் சொன்னார். அந்த ஆள், வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து பேசுகிறேன் என்று சொல்லி இறங்கினான். நான் அவனை மட்டும் வெளியே விட்டு, மறுபடி வாசலை அடைத்து நின்றேன். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மலைக்குத் தகவல் போய், கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் தலையில் தொங்கிய கூடையோடும், தன்னுடைய இரண்டு காலாலும் ஓடி வந்தாள். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் அதிபர் மப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா டீச்சர்?" என்றேன்.

"அட்டையோட போய்ட்டான் சேர்."

அந்தத் தூரத்துச் சொந்தக்காரனை மாட்டிவிட்டது அட்டைதான். டீச்சர் அடித்த போனுக்குப் பொலிஸார் சந்தியில் வேனை மறித்தார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சாதித்தானாம். பொலிஸ்காரர் அவன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, சிங்களத்தில் "மேக மொகத?" என்று கேட்டிருக்கிறார். இது என்ன என்று குனிந்து பார்த்தவனுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தது. மறுநாள் வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரரிடம் டீச்சர் அந்த அட்டையைத் திருப்பிக் கேட்டார். அது வழக்குக்கு வேண்டும் என்றார் அவர்.

"சரி, வச்சிக்கங்க. உள்ள வாரதுக்கு இதப் போட்டுக்கங்க," என்று டீச்சர் இன்னொன்றை நீட்டினார்.

அந்த வாரமே புதுத் திருத்தம் ஒட்டினார். இனிமேல் கூப்பிட வருகிறவருக்குச் சொல் கிடையாது. சொல் பிள்ளைக்குத்தான். ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு சொல்லைத் தேர்ந்து டீச்சரிடம் மட்டும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிற நேரத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், மற்றதை டீச்சர் பார்த்துக்கொள்வார். சுவரும் இல்லை, தேயிலையும் இல்லை என்று மைதானத்தின் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு, பனியில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய் அவர் காதில் சொல்லிவிட்டு வந்தன. நாங்கள் ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தோம். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

அதற்காக இரகசியம் எல்லாம் நிலைத்துவிட்டது என்று இல்லை. சின்னதுகள் தங்கள் சொல்லை ஒரு டொபி மிட்டாய்க்கு விற்றுவிட்டன. பெரியதுகள் கூட்டாளிகளிடம் உளறிவிட்டன. டீச்சர் மறுபடி மறுபடி மைதானத்தில் நாற்காலி போட்டார். அந்தப் பிள்ளையின் சொல் மட்டும் வெளியே வரவே இல்லை. லயமே தூக்கம் கெட்டுத் திரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவளுக்கு வடை சுட்டுக் கொடுத்துக்கூடக் கேட்டுப் பார்த்தாள். பிள்ளை வடையைச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாளாம்.

டீச்சர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன மாதம் புதிய வழிகாட்டி வந்தது. ஆசிரியர் கூட்டத்தன்று நான் நோர்வூட்டில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பொறுப்பு என் தலையில். பலகையைச் சுரண்டிப் புதியதை ஒட்டச் சொன்னார் இப்போதைய அதிபர். மேலிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டு வந்தவன், அந்தச் சிவப்பு வரி தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டேன். புதியதைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் முழுதாக வாசித்தேன்.

போன கிழமை வட்டகொடை ஸ்டேசனில் அவரைக் கண்டேன். அதே நீல ஸ்வெட்டர், நரைத்த கொண்டை, பேனை இல்லை. எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. பொறுப்பு என்னிடம் வந்த கதையைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, இத்தனை வருசமாக மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன்.

"அந்தப் புள்ள இப்பக் கெம்பஸ்ல கணக்குப் படிக்குது. இனிமே அந்தச் சொல்லுக்கு என்னா வேல? எனக்கு மட்டும் சொல்லுங்களேன் டீச்சர்."

"புள்ளையக் கேட்டீங்களா?"

"கேட்டேன். போன்ல இருமினா."

அவர் சிரித்தார். வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பிடுங்கிய பல்லின் இடைவெளியும் தெரிந்தது. ரயில் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வேறு எதையோ கேட்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, "அதிபர் ரூம் கண்ணாடிய மேல வச்சிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ரயில் போய்விட்டது.

சுவர் கூரையைத் தொடாத எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாத சொல் ஒன்றுதான் இருக்கிறது. எனக்கும் தெரியாது.